நினைவு தப்பிக் கிடந்தால்: வீட்டிலும் மாட்டுக் கொட்டிலிலும் முதலில் செய்யவேண்டியவை

ஒருவர் மயங்கி விழுந்தால் எங்கள் ஊரில் சுற்றி நிற்பவர்கள் உடனே மூன்று வேலை பார்ப்பார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துச் சோடாவோ தேத்தண்ணியோ பருக்குவார். மற்றவர் ஓட்டோ பிடிக்க ஓடுவார். தெளிக்கும் தண்ணீரால் பெரிய கெடுதல் இல்லை. பருக்கும் தண்ணீர்தான் ஆளைக் கொல்லும்.

விழிப்பாக இருக்கும்போது ஒரு துளி தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போனாலும் புரையேறி, இருமி வெளியே தள்ளிவிடுவோம். நினைவு ஆழமாகத் தப்பியவருக்கு அந்த இருமல் வராது, விழுங்கவும் முடியாது. ஊற்றியது நேரே நுரையீரலுக்குப் போகும். அண்ணாந்து கிடந்தால் தளர்ந்துபோன நாக்கு பின்னுக்குச் சரிந்து தொண்டையை அடைக்கும். வயிற்றில் இருப்பது மேலே வந்தாலும் அதே வழியாகத்தான் இறங்கும். மயக்கம் எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது வைத்தியசாலையின் வேலை. வைத்தியசாலை போய்ச் சேரும்வரை மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருப்பது பக்கத்தில் நிற்பவரின் வேலை. இது மனிதருக்கும் பொருந்தும், கன்று போட்ட மறுநாள் கொட்டிலில் விழுந்து கிடக்கும் பசுவுக்கும் பொருந்தும். போத்தலை வாயில் செருகி மருந்து பருக்கிய பசு, விழுத்திய நோயிலிருந்து எழும்பிய பிறகும் சில நாளில் நுரையீரல் அழற்சியால் சாகக்கூடும்.

எவ்வளவு ஆழமான மயக்கம்?

முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். மின்சார வயர், வாகனம், கிணற்றுக்குள் நிற்கும் புகை எல்லாம் உங்களையும் விழுத்தும். பிறகு முழங்காலில் இருந்து, இரண்டு தோளையும் தட்டி, காதருகே உரக்கக் கேளுங்கள்: "ஐயா, கேக்குதோ? கண்ணைத் திறவுங்கோ, என்ரை கையை இறுக்கிப் பிடியுங்கோ."

விடை நான்கு படியில் வரும். தானாக விழித்துப் பேசுகிறார். கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறார் அல்லது முனகுகிறார். வலி கொடுத்தால் மட்டும் அசைகிறார். எதற்கும் அசைவில்லை. வலி கொடுக்க கன்னத்தில் அறைய வேண்டாம். கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசையை விரல்களால் இறுக்கிப் பிழியுங்கள், அல்லது விரல் நகத்தின் மேல் பேனையை வைத்துச் சில வினாடி அழுத்துங்கள். பேசுகிறார், ஆனால் இடம், நாள், ஆள் மாறிப் பேசுகிறார் என்றால் அதுவும் நினைவுக் குழப்பம்தான். வயதானவர் திடீரென்று அப்படி உளறத் தொடங்கினால் "வயசு போட்டுது" என்று விட்டுவிடக் கூடாது. கிருமித்தொற்று, இரத்தத்தில் சீனி இறக்கம், உப்புச்சத்துக் குறைவு, மூளையில் கசிவு என்று எதுவும் பின்னால் இருக்கலாம்.

எந்தப் படி, எத்தனை மணி என்று கையிலாவது எழுதுங்கள். எட்டரைக்குக் கூப்பிட்டதும் கண் திறந்தவர் எட்டேமுக்காலுக்குத் தோளைப் பிழிந்தால்தான் முனகுகிறார் என்ற செய்தி வைத்தியருக்கு மிகவும் பெறுமதியானது. ஒரு படி இறங்குவது மூளைக்குள் ஏதோ மோசமாகிறது என்பதன் அடையாளம்.

வைத்தியசாலையில் "ஜி.சி.எஸ். ஒன்பது" என்று பேசிக்கொள்வது காதில் விழும். அது 1974இல் கிளாஸ்கோ நகரத்து நரம்பியல் சத்திரசிகிச்சை வைத்தியர்களான டீஸ்டேலும் ஜெனற்றும் வெளியிட்ட, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் அளவுகோல். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என்று கூட்டினால் நிறைவான விழிப்புக்கு 15 வரும். எதுவுமே இல்லாதவருக்கு 3. எட்டும் அதற்குக் கீழும் என்றால் தன் மூச்சுப் பாதையைத் தானே காக்கமாட்டார் என்று எடுத்துக்கொண்டு குழாய் போடுவதை யோசிப்பார்கள்.

மூச்சு

நெற்றியில் ஒரு கை, நாடியின் (முகவாயின்) எலும்பில் இரண்டு விரல். தலையை மெல்லச் சாய்த்து நாடியை உயர்த்துங்கள். விழுந்து அடிபட்டவரென்றால் தலையைச் சாய்க்காமல், காதுக்குக் கீழே தாடை எலும்பின் மூலையைப் பிடித்து முன்னுக்குத் தள்ளுங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து வினாடிக்கு மேல் எடுக்காமல் பாருங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இதயம் நின்றபின் முதல் சில நிமிடம் சிலர் இடைவிட்டு இடைவிட்டு வாயைத் திறந்து, கரையில் போட்ட மீன் போல, மூச்சை இழுப்பார்கள். அது மூச்சு அல்ல. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது இப்படி இழுக்கிறார் என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நடு நெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பாகம், முழங்கை மடியாமல், வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பழகியவர் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் கொடுக்கலாம். பழகாதவர் நிறுத்தாமல் அழுத்தினாலே போதும். கட்டிலிலோ மெத்தையிலோ அழுத்தினால் மெத்தைதான் இறங்கும், தரையில் கிடத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறுங்கள்.

இன்னொரு ஏமாற்றம் குறட்டை. "குறட்டை விட்டு நல்ல நித்திரை" என்று விட்டுப்போன ஆள் விடிய இறந்து கிடப்பது பெரும்பாலும் நடக்கவேண்டியிராத சாவு. தட்டி எழுப்ப எழும்பாதவர் குறட்டை விட்டால் நாக்கு தொண்டையைப் பாதி அடைத்திருக்கிறது என்று பொருள். நாடியை உயர்த்துங்கள், சத்தம் குறையும். பிறகு பக்கவாட்டில் திருப்புங்கள். சாராய வாடை வீசுகிறது என்பதால் குடிதான் காரணம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். குடித்தவரும் தலையடிபட விழுவார், குடித்தவருக்கும் சீனி இறங்கும். குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவருக்கு இன்னும் இறங்கும்.

பக்கவாட்டில் கிடத்துவது

மூச்சு இருக்கிறது, விழிப்பு இல்லை என்றால் இதுதான் செய்யவேண்டிய முதல் வேலை. அவருடைய வலப்பக்கத்தில் முழங்காலில் இருக்கிறீர்கள் என்று வைப்போம்.

1. கண்ணாடி, சட்டைப்பையிலுள்ள திறப்பு, தொலைபேசியை எடுத்துவிடுங்கள். வாயைத் திறந்து பாருங்கள், தளர்ந்த பொய்ப்பல்லையும் கண்ணுக்குத் தெரியும் சோற்றையும் எடுங்கள். தெரியாததைத் தேடி விரலை உள்ளே ஓட்டவேண்டாம்.
2. உங்கள் பக்கத்துக் கையை உடலுக்குச் செங்குத்தாக நீட்டி, முழங்கையை மடித்து, உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள்.
3. மறுபக்கக் கையை நெஞ்சின் மேலாக இழுத்து, புறங்கையை உங்கள் பக்கத்துக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.
4. மறுபக்க முழங்காலை மேலே மடித்து, அந்த முழங்காலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். எடையான ஆளும் சுலபமாகப் புரளுவார்.
5. மேல்காலை இடுப்பிலும் முழங்காலிலும் மடித்துத் தரையில் ஊன்றவிடுங்கள். கன்னத்துக் கையில் தலை தங்கட்டும். நாடி சற்று மேலே, வாய் தரையைப் பார்க்க இருக்கவேண்டும். வாந்தி வந்தால் வெளியே வழியவேண்டும், அதுதான் சோதனை.

கர்ப்பிணியை இடப்பக்கமாகவே கிடத்துங்கள், வலப்பக்கமென்றால் கருப்பை பெரிய இரத்தக்குழாயை அமத்திப் பிரஷரை இறக்கும். மற்றவர்களை, அரை மணிக்கு மேல் வாகனம் வராவிட்டால் மறுபக்கம் மாற்றுங்கள். பனையாலோ தென்னையாலோ விழுந்தவரையும் மோட்டார் சைக்கிளில் அடிபட்டவரையும் ஆட்கள் இருந்தால் தலை, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் திரும்பும்படி சேர்ந்து உருட்டுங்கள். நீங்கள் தனியே நிற்கிறீர்கள், அவர் வாந்தி எடுக்கிறார் என்றால் கழுத்தைப் பற்றி யோசித்து நிற்கவேண்டாம். மூச்சுத்தான் முதல். ஹெல்மெற் மூச்சை மறிக்காவிட்டால் கழற்றாமல் விடுங்கள்.

சாதாரண மயக்கம் வேறு. நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் விரதத்தோடு வெயிலில் நெடுநேரம் நின்று வெளிறி, வியர்த்து விழுபவர், படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்து உங்களை அடையாளம் காண்பார். ஒரு நிமிடம் தாண்டியும் தெளியாவிட்டால், அல்லது நெஞ்சுவலி, தலையிடி, கைகால் தளர்ச்சி இருந்தால் அதைச் சாதாரண மயக்கமாக எண்ணவேண்டாம்.

சீனி இறக்கம்

நினைவு தப்பும் காரணங்களில் வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடியதும் விரைவாகத் திருத்தக்கூடியதும் இதுதான். அதனால்தான் இதை நீட்டி எழுதுகிறோம். நினைவு தப்பிய, உளறுகிற, திடீரென்று சண்டை பிடிக்கிற எவருக்கும் வீட்டில் அயலில் குளுக்கோமீற்றர் இருந்தால் குத்திப் பாருங்கள். ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இறக்கம். 54க்குக் கீழே என்றால் மூளைக்கு எரிபொருள் போதாது. எண் வராமல் "லோ" என்ற எழுத்து வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம், பெரும்பாலான கருவிகளில் அது 20க்கும் கீழே என்று பொருள். குத்துமுன் விரலைத் துடையுங்கள். மாம்பழம் உரித்த விரல் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

இன்சுலின் போடுபவருக்கும் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், ரொல்பியூட்டமைட் போன்ற குளிசை எடுப்பவருக்கும் இது வரும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு அரிது. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருந்துகொண்டு "மருந்தை விடக்கூடாது" என்று காலைக் குளிசையை மட்டும் வெறும் வயிற்றில் போடுவது, வாந்தி பேதியோடு சாப்பிடாமல் இன்சுலினை வழமை போலக் குத்துவது, சிறுநீரகம் பழுதானபின்னும் பழைய அளவிலேயே குளிசை எடுப்பது: இந்த மூன்றும் அடிக்கடி காணும் வழி. விரதம் பிடிக்கவேண்டுமென்றால் தொடங்க ஒரு கிழமைக்கு முன்னரே கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றி வாங்குங்கள். விரதத்தை விடு என்று சொல்வதைவிட இதுதான் எங்கள் ஆட்களிடம் எடுபடும்.

முதலில் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. பிறகு குழப்பம், கண் மங்கல், தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம். பிரஷருக்கோ படபடப்புக்கோ அற்றனலோல், புரோபிரனலோல் எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் நிற்கும். சிலருக்கு ஒரு பக்கக் கைகால் விழுந்து, பாரிசவாதம் போலவே தெரியும். ஆகவே பாரிசவாதம் என்று தோன்றினாலும் சீனியைப் பாருங்கள்.

விழுங்க முடிகிறதா? இருத்தி வைத்து, நான்கு தேக்கரண்டி சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தானே பிடித்துக் குடிக்கவிடுங்கள். சொக்லேற்றும் ஐஸ்கிறீமும் வேண்டாம், அவற்றிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதிக்கும். பதினைந்து நிமிடத்தில் திரும்பக் குத்துங்கள். 70ஐத் தாண்டாவிட்டால் இன்னொருமுறை. தாண்டினால் சோறோ பாணோ பிஸ்கற்றோ கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணியில் மறுபடி இறங்கும்.

விழுங்க முடியாதவருக்கு வாய்வழி ஒன்றுமில்லை. பக்கவாட்டில் கிடத்தி, இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழையுங்கள். அங்கே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், சில நிமிடத்தில் எழும்பி "எங்க நிக்கிறன்?" என்று கேட்பார். அதோடு கதை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிவரவேண்டாம். குளிசையால் வந்த இறக்கம் ஒரு நாளைக்கு மேலும் திரும்பத் திரும்ப வரும். மாலையில் வீட்டுக்கு வந்தவர் இரவில் நித்திரையிலேயே மீண்டும் இறங்கலாம்.

மற்றக் காரணங்கள்

பாரிசவாதம்: வாய் ஒருபக்கம் கோணல், ஒரு கை தூக்கினால் சரிகிறது, பேச்சுக் குழறல். கடைசியாக நல்லாக இருந்ததைப் பார்த்த நேரம் எது என்று குறியுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து அந்த நேரத்திலிருந்து நாலரை மணிக்குள்தான், அதற்குமுன் ஸ்கானும் எடுக்கவேண்டும். வீட்டில் அஸ்பிரின் கொடுக்கவேண்டாம், கசிவாக இருந்தால் அது நஞ்சு. பிரஷர் 200 காட்டுகிறது என்று மேலதிகக் குளிசை கொடுப்பதும் தவறு.

தலையடி: விழுந்து எழும்பி, தேத்தண்ணி குடித்து, கதைத்துக்கொண்டிருந்தவர் சில மணி கழித்துத் தலையிடி கூடி, வாந்தி எடுத்து, தூங்கி வழிகிறார் என்றால் மண்டையோட்டுக்குள் இரத்தம் சேர்கிறது. ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகிவிட்டால் நிமிடங்கள்தான் மிச்சம். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின், குளோபிடோகிறெல் எடுப்பவர் சின்ன அடி பட்டாலும் காட்டவேண்டும்.

வலிப்பு: கையில் திறப்பும் இரும்பும் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை, பற்களுக்கிடையில் கரண்டி செருகினால் பல் உடைந்து தொண்டைக்குள் போகும். தலைக்குக் கீழே துவாயை மடித்து வையுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள், அடங்கியதும் பக்கவாட்டில் திருப்புங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமலே அடுத்தது வந்தால் 1990. ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் ஐந்து நிமிடம் பார்க்காமல் உடனே கூப்பிடுங்கள், பிள்ளைபெற்று ஆறு கிழமைக்குள் வந்தாலும் அப்படியே.

பாம்பு: இரவில் தரையில் பாயில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலியோடு எழும்பி, இமை சரிந்து, விழுங்க முடியாமல், பிறகு அசைவற்றுப் போனால் கட்டுவிரியனை நினையுங்கள். எட்டடி விரியன் என்பதும் இதைத்தான். கடித்த இடம் தெரியாமலே இருக்கலாம், வலி அநேகமாக இராது. நஞ்சு தசைகளைக் கட்டிப்போடுவதால் ஆள் கோமாவில் கிடப்பது போலவே தெரிவார், கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கும் சுருங்காது. ஆனால் உள்ளே நினைவு இருக்கும், பேசுவது கேட்கும். மூச்சுத் தசையும் நிற்கும் என்பதால் செயற்கைச் சுவாசம் கிடைக்கும்வரை ஊதிக்கொண்டே போகவேண்டியிருக்கும். கிடைத்தால் பிழைப்பார். ஆகவே அவர் தலைமாட்டில் நின்று "முடிஞ்சுது" என்று அழவேண்டாம். "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறம், பயப்பிடாதேங்கோ" என்று காதில் சொல்லுங்கள். கயிறு இறுக்குவது, கீறுவது, முதலில் வேறெங்காவது பார்வை பார்ப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும்.

கிணறு: கோடையில் தண்ணீர் இறங்க, இறைப்பு இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உண்டு. பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரப் புகையிலுள்ள காபனோரொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் அதற்குள்ளேயே விழுவார்கள். விளக்கை இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவைக் காட்டும், இந்த வாயுவைக் காட்டாது. ஆளைக் கொல்லும் அளவில் வாயு இருக்க விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேலிருந்தே இயந்திரத்தை நிறுத்துங்கள், தீயணைப்புப் பிரிவை 110இல் அழையுங்கள். இடுப்பில் கயிறு கட்டினாலும் இறங்கவேண்டாம். வெளியே எடுத்தபின் விரலில் மாட்டும் ஒட்சிமீற்றர் 98 காட்டினாலும் நம்பவேண்டாம், அந்தக் கருவிக்கு இந்த வாயு பிடித்த இரத்தத்தைப் பிரித்தறியத் தெரியாது.

நஞ்சும் போதையும்: பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி பட்டவருக்குக் கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கி, எச்சில் வழிந்து, தசை துடிக்கும். உடுப்பைக் கழற்றி, கையுறையோ பொலித்தீனோ மாட்டிக்கொண்டு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. போத்தலை லேபிளோடு கொண்டுபோங்கள். ஹெரோயினுக்கும் கண்மணி அப்படியே சுருங்கும், ஆனால் மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் குறையும், உதடு நீலமாகும். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, நாலொக்சோன். என்ன எடுத்தார் என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொன்னால்தான் அது கிடைக்கும். தெரிந்தே நஞ்சு எடுத்தவரை, கண் திறந்ததும் ஏசவேண்டாம். அவருக்கும் வீட்டாருக்கும் 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

வெயில்: சித்திரை வைகாசியில் தோட்டத்தில் நின்றவர் உடம்பு கொதிக்க உளறினால் நிழலில் போட்டு, உடுப்பைத் தளர்த்தி, கிணற்றுத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறிக்கொண்டே கூப்பிடுங்கள். பரசிற்றமோல் இதற்குப் பயன்படாது.

1990ஐ அழைக்கும்போது

இந்த அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் ஓடுகிறது, காசு இல்லை. தமிழில் பேசலாம். முதலில் இடம்: ஊர், வீதி, கோயில் அல்லது பாடசாலை, எத்தனையாவது ஒழுங்கை. பிறகு "கூப்பிட எழும்பவில்லை, மூச்சு இருக்கு" அல்லது "மூச்சில்லை". அவர்கள் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்கவேண்டாம். ஒருவரை ஒழுங்கை முகப்பில் நிறுத்துங்கள், இரவென்றால் ரோச் லைற்றோடு. ஓட்டோவில்தான் கொண்டுபோகவேண்டும் என்றால் ஆளை இருத்திக்கொண்டு போகவேண்டாம். இருக்கையில் பக்கவாட்டில் கிடத்தி, நாடியை ஒருவர் பிடித்தபடி வரவேண்டும். தீவுகளில் படகுக்காக இறங்குதுறையில் காத்து நிற்பதைவிட முதலில் தீவிலுள்ள வைத்தியசாலைக்கே போங்கள். மூச்சுக்கும் சீனிக்கும் அங்கேயே செய்யலாம், படகு ஒழுங்கும் அவர்கள் வழியாக விரைவாகும்.

கையோடு கொண்டுபோகவேண்டியது கிளினிக் கொப்பி, வீட்டிலுள்ள எல்லாக் குளிசையும் (மற்றவர்களுடையதும், வெறும் மட்டையும்), நேரம் குறித்த தாள், சம்பவத்தைக் கண்ணால் கண்ட ஒருவர்.

மாடும் ஆடும்

கொட்டிலில் விழுந்து கிடப்பது பெரும்பாலும் ஜேர்சிக் கலப்புப் பசு, மூன்றாவது கன்றுக்குப் பிறகு, ஈன்று மூன்று நாளுக்குள். முதலில் பின்கால் தள்ளாடும். பிறகு இருந்துவிடும், கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் வைக்கும். மூக்கு நுனி காய்ந்திருக்கும், காது குளிர்ந்திருக்கும், சாணி போடாது. இன்னும் சில மணியில் பக்கவாட்டில் சரிந்து, கண்ணைத் தொட்டாலும் இமைக்காத நிலை. இது பால்காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு சூடு இறங்கியிருக்கும். மடிக்குப் பால் இறங்கும் வேகத்தில் இரத்தத்திலுள்ள கல்சியம் குறைந்துவிடுகிறது.

மனிதரைப் பக்கவாட்டில் கிடத்தினோம். மாட்டை அப்படிக் கிடத்தக்கூடாது. சரிந்து கிடந்தால் வயிற்றுக் காற்று ஏவறையாக வெளியேற முடியாமல் இடப்பக்கம் ஊதி, நுரையீரலை அமத்தும். இரையும் தொண்டைக்கு வரும். முன்கால்களை மடித்து நெஞ்சில் இருத்துங்கள். தோளுக்கு இருபுறமும் மணலோ வைக்கோலோ அடைத்த உரப்பைகளை முட்டுக் கொடுங்கள். நிமிர்த்தவே முடியாவிட்டால் தொண்டைப் பக்கம் உயர்ந்து, மூக்கு தாழ்ந்திருக்கும்படி ஒரு சாக்கை வையுங்கள், வருவது வெளியே வடியும். சீமெந்துத் தரையில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புங்கள். இரண்டு மூன்று மணிக்கொருமுறை ஒரு தொடையிலிருந்து மற்றத் தொடைக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்ட பசு, கல்சியம் ஏறியபின்னும் தசை நசிந்து எழும்பமாட்டாது.

கல்சியத்தை மிருக வைத்தியர் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, பத்து இருபது நிமிடம் எடுத்து, இதயத்தைக் கேட்டுக்கொண்டே நரம்பில் ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் இதயம் நிற்கும். அதனால் போத்தல் கிடைத்தது என்று வீட்டில் யாரும் ஏற்றக்கூடாது. பலன் கண்முன்னே தெரியும்: தசை நடுங்கும், ஏவறை விடும், மூக்கில் வியர்வைத் துளி அரும்பும், சாணி போடும், எழும்பும். அடுத்த இரண்டு நாளும் கவனமாயிருங்கள், சில பசுக்கள் மறுபடி விழும். அந்த இரண்டு நாளும் மடியை முற்றாக ஒட்டக் கறக்கவேண்டாம், கன்றுக்குத் தேவையானதும் கொஞ்சமும் போதும்.

இதே கோலத்தில், தலையை விலாவில் வைத்துக் கிடக்கும் இன்னொரு மாடு உண்டு. அது தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கலில் வாளி வாளியாகப் பொங்கலும் சோறும் தின்றது, அல்லது கோயில் அன்னதானத்தில் மிஞ்சியதைத் தின்றது. சோறு இரைப்பையில் புளித்து அமிலமாகி, உடம்பு நீரை இரைப்பைக்குள் இழுத்து, அரை நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள் மாடு வெறித்தது போலத் தள்ளாடி விழும். வயிற்றைத் தள்ளினால் தண்ணீர் குலுங்கும், கண் குழியும், கழிச்சல் புளித்து மணக்கும். கல்சியம் மட்டும் ஏற்றினால் இது எழும்பாது. ஆகவே மிருக வைத்தியரை அழைக்கும்போது எப்போது ஈன்றது, நேற்றும் முந்தாநாளும் என்ன தின்றது என்ற இரண்டையும் சொல்லுங்கள். "கொஞ்சம்தான் குடுத்தனாங்கள்" என்று வெட்கப்பட்டுக் குறைத்துச் சொன்னால் மருந்து மாறிவிடும். பொங்கலன்று ஒரு கைப்பிடி போதும், முதலில் வைக்கோல் தின்னவிட்டுக் கொடுங்கள்.

மரவள்ளியின் பச்சை இலை தின்ற ஆடு மாடு அரை மணிக்குள்ளேயே மூச்சுத் திணறி, முரசு (ஈறு) கடும் சிவப்பாகி, துடித்து விழலாம். சயனைட்டு நஞ்சு. ஊசி மருந்து உண்டு, ஆனால் நேரம் மிகக் குறைவு. அந்த மரவள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும் மற்ற ஆடுகளை உடனே அப்புறப்படுத்துங்கள். இரட்டைக்குட்டிச் சினையாடு கடைசி மாதத்தில் தீன் விட்டு, பார்வை வெறித்து, பல் நெரித்தால் விழும்வரை பார்த்திராமல் அன்றே காட்டுங்கள்.

நாய், பூனை

வலப்பக்கமாகக் கிடத்தி, கழுத்தை நேராக நீட்டி, நாக்கைத் துணியால் பிடித்து வாய்க்கு வெளியே விடுங்கள். முரசைப் பாருங்கள்: இளஞ்சிவப்பு நல்லது, வெள்ளை என்றால் இரத்தம் போகிறது அல்லது இதயம் தளர்கிறது, நீலம் என்றால் மூச்சு இல்லை. விரலால் அமத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்பவேண்டும். மயங்கியதற்கோ வாந்தி எடுப்பதற்கோ வாய்க்கட்டுப் போடக்கூடாது. தெளியும்போது எஜமானையும் கடிக்கும், அதனால் முகத்தைக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். பலகையிலோ இழுத்துப் பிடித்த சாக்கிலோ தூக்குங்கள்.

பால் மறந்த சின்னக் குட்டி குளிர்ந்து துவண்டு கிடந்தால் தேனையோ கரைத்த குளுக்கோசையோ விரலில் தொட்டு முரசில் பூசுங்கள், வாயில் ஊற்றவேண்டாம். சூடும் கொடுங்கள். வெயிலில் கட்டிய நாய் இளைத்து விழுந்து உடல் சூடு 41ஐத் தாண்டியிருந்தால் கிணற்றுத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள், 39.5க்கு இறங்கியதும் நிறுத்துங்கள். பூனைக்கு ஒரு பரசிற்றமோல் குளிசையே உயிரை எடுக்கும். மிருக வைத்தியர்களிடமும் ஜி.சி.எஸ். போன்ற ஓர் அளவுகோல் உண்டு. அது 3 முதல் 18 வரை, எட்டுக்குக் கீழே போனால் பிழைப்பது கடினம்.

விசர் நோயை (வெறிநாய் நோயை) மறக்கவேண்டாம். தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், குரல் மாறி, பிறகு மயங்கும் நாயைப் பார்த்துத் தொண்டையில் எலும்பு சிக்கியது என்று கையை விடுவார்கள். மாட்டுக்கும் ஏதோ இறுகிவிட்டது என்று முழங்கை வரை விடுவார்கள். விசர் நாய் எல்லாம் வெறிபிடித்து ஓடுவதில்லை, ஒடுங்கிக் கிடப்பதும் உண்டு. ஊசி போட்ட விவரம் தெரியாத நாய்க்கு மூக்கில் ஊதி மூச்சுக் கொடுக்கவும் வேண்டாம். எச்சில் பட்ட காயத்தையும் கீறலையும் குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மிருகம் இறந்தால் உடனே தாட்டுவிடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ சொல்லுங்கள். தலையைச் சோதனைக்கு அனுப்பவேண்டுமா என்று அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அதுவரை வெறும் கையால் தொடாமல், நாயும் காகமும் அண்டாமல் நிழலில் மூடி வையுங்கள்.